கடல் பச்சையாத் தெரியுது: 1926 கடற்கொள்ளையர் படம், பிழை புரொஜெக்டரிலையோ?

முள்ளியவளைப் பொடியன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கடை வாசிகசாலையின்ரை வெளிச்சுவரிலை மாசம் ஒரு சனி இரவு படம் போடுறனாங்கள். இரவல் புரொஜெக்டர், கோயில் ஸ்பீக்கர், ஆளாளுக்குப் பாய். போன மாசம் போட்ட படத்திலை பாதிச் சனம் நித்திரை. அதாலை இந்த முறை 1926இலை வந்த 'த பிளாக் பைரேட்' போடுவமெண்டு எடுத்து வச்சிருக்கிறன். டக்ளஸ் பெயார்பாங்ஸ் நடிச்ச ஊமைப்படம். ஒண்டரை மணித்தியாலம், அதுவும் கலர்.

நேற்று ஒருக்கா ஓட்டிப் பாத்தன். தாவலும் வாள்சண்டையும் வெடி. கலர்தான் மண்டையைக் குழப்புது. முகமெல்லாம் செங்கட்டி நிறம், கடல் ஒரு மங்கல் பச்சை. வானத்திலை நீலமெண்ட சாமானே இல்லை. செற்றிங்கிலை நீலத்தை முழுக்கக் கூட்டியும் பாத்தன். ஆக்களின்ரை முகம்தான் பிணக்களை தட்டிச்சுது. நான் எடுத்த கொப்பி பழுதோ, புரொஜெக்டர் பழுதோ?

மற்றது, இடைக்கிடை வாற எழுத்தெல்லாம் இங்கிலிஸ். முன்வரிசையிலை இருக்கப்போறது ஆறு ஏழு வயசுப் பிள்ளையள். என்ன செய்யலாம்?

பழைய ஒப்பரேற்றர், வவுனியா:

தம்பி, முதல் வேலையா அந்தச் செற்றிங்கைப் பழையபடி விடும். கொப்பியும் சரி, புரொஜெக்டரும் சரி. படமே அப்பிடித்தான்.

அது ரெக்னிகலர் கொம்பனியின்ரை ரெண்டு நிறக் கலர். கமெராவுக்குள்ளை ஒரு பட்டகம் இருந்து வெளிச்சத்தை ரெண்டாப் பிரிக்கும். ஒரு பங்கு சிவப்பு வடிகட்டிக்குள்ளாலை, மற்றது பச்சைக்குள்ளாலை போய், ஒரே கறுப்பு வெள்ளைப் பிலிமிலை ரெண்டு கட்டமா விழும். நீலத்தைத் தனியப் பிடிக்க அதிலை வழியே இல்லை. மூண்டு நிறத்தையும் பிடிக்கிற அவையின்ரை கமெரா 1932இலைதான் பாவனைக்கு வந்தது. பிறகு நீர் நீலத்தைக் கூட்டினா அது எங்கையிருந்து வரும்?

என்ரை தொழிலுக்குக் கிட்டின கதை பிரிண்டிலைதான் இருக்கு. நான் புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிச்ச காலத்து ஆள். இருட்டுக்குள்ளை பிலிமின்ரை மருந்து பூசின பக்கம் எதெண்டு அறிய, ஓரத்தை உதட்டிலை வச்சுப் பாப்பம். ஒட்டினா அதுதான் மருந்துப் பக்கம். இந்தப் படத்தின்ரை அந்தக்காலப் பிரிண்டை வச்சிருந்தா ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். ஏனெண்டா அது ஒரு பிலிம் இல்லை. மெல்லிசான ரெண்டு பிலிமிலை ஒண்டுக்குச் செம்மஞ்சள் சாயம், மற்றதுக்கு நீலப்பச்சைச் சாயம் ஏத்தி, முதுகோடை முதுகு ஒட்டி எடுக்கிறது.

லாம்பின்ரை சூடு பட, லாம்பைப் பாத்த பக்கத்து மருந்து காய்ஞ்சு இழுக்கும். வெயிலிலை போட்ட பனையோலை மாதிரிப் பிலிம் ஒரு பக்கமா வளையும். கொஞ்சத்தாலை சடாரெண்டு மற்றப் பக்கம் புரளும். ஒவ்வொரு புரளலுக்கும் திரையிலை படம் மங்கும். ஒப்பரேற்றர் லென்சிலை வச்ச கையை எடுக்க ஏலாது. மருந்து ரெண்டு பக்கமும் இருக்கிறதாலை கீறலும் ரெண்டு மடங்கு. வளைஞ்ச பிரிண்டுகளைத் திருப்பி பொஸ்ரனிலை இருந்த லாபுக்கு அனுப்பித்தான் நிமிர்த்தினவை. நல்லவேளை, நான் அந்தக் காலத்திலை பிறக்கேல்லை. 1928இலை சாயத்தை ஒரே பிலிமிலை அச்சுப் போல ஒத்தியெடுக்கிற முறை வந்த பிறகுதான் உந்தத் தலையிடி ஓய்ஞ்சது.

ஆனா பெயார்பாங்ஸ் விசயம் தெரிஞ்ச ஆள். கலர் சனத்தின்ரை கண்ணைக் களைக்கப் பண்ணும், கதையை விட்டுப்போட்டு நிறத்தைப் பாப்பினம் எண்டு அப்ப கனபேருக்குப் பயம். அவர் இல்லாத நிறத்துக்கு ஆசைப்படேல்லை. பழைய மரம், தோல், மணல், துருப்பிடிச்ச இரும்பு, இடைக்கிடை ரத்தச் சிவப்பு. அந்தக் கமெராவுக்கு எது வடிவா வருமோ அதுக்கேற்ற மாதிரிக் கப்பலையும் உடுப்பையும் செய்விச்சவர். சுவரிலை பாக்கேக்கை வானத்தை விடும், கப்பலின்ரை பலகையைப் பாரும். பிறகு நூறு மடங்கு கலரிலை எத்தினையோ கப்பல் படம் வந்திட்டுது. எனக்கு அதுகளிலை பாதி பிளாஸ்ரிக்.

கடைசி முத்தக் காட்சியிலை நிக்கிறது கதாநாயகி பில்லி டோவ் இல்லை, பெயார்பாங்ஸின்ரை சொந்த மனுசி மேரி பிக்போர்ட் எண்டு சொல்லுவினம். ஏனெண்டு நீரே யோசியும்.

அலம்பில் கடலோடி:

கலரைப் பற்றி எனக்குத் தெரியாது. கப்பல் பாயைப் பற்றித் தெரியும். ஒரு இடத்திலை அவர் பாய்மரத்து உச்சியிலை நிண்டு, பாயிலை கத்தியைக் குத்தி, கிழிச்சுக்கொண்டே கீழ வழுகி வருவார். அப்புவோடை பாய் வள்ளத்திலை போய் வந்தவன் சொல்லுறன், உது நடக்காது. கத்தி கூரெண்டா ஆள் கல்லு மாதிரி விழுவான். மொட்டையெண்டா துணியிலை இறங்காது. பாய் ஒரே துணியுமில்லை. பட்டை பட்டையா மடிச்சுத் தைச்சிருக்கும். முதல் தையலிலை கத்தி இறுகிப்போய் நிக்க, ஆள் அந்தரத்திலை தொங்குவான்.

பழைய ஒப்பரேற்றர், வவுனியா:

அண்ணை சொன்னது சரி. அது தந்திரம்தான். பாயைச் சரிவாக் கட்டி, கமெராவையும் அதுக்கேற்ற மாதிரிச் சரிச்சு வச்சவை. பாய் முதலே கிழிச்சு இலேசா இழையோட்டினது. கத்தி பாய்க்குப் பின்னாலை கப்பியிலை ஓடுற எதிர்ப்பாரத்தோடை பூட்டியிருந்தது. ஆளை இறக்கினது அந்தப் பாரம். கடைசியிலை வீரர்கள் கூட்டமாத் தண்ணிக்கடியாலை நீந்தி வாறதும் தண்ணியிலை எடுத்ததில்லை, கம்பியிலை தொங்கவிட்டு எடுத்தது. ஆனா தாவுறதும் ஏறுறதும் பெரும்பாலும் அந்த மனுசன்தான். அப்ப வயசு நாப்பத்திரண்டு.

அலம்பில் கடலோடி:

நாப்பத்திரண்டோ! எனக்கு அந்த வயசிலை நாரி பிடிச்சு வலை இழுக்க ஏலாமல் போச்சு.

வற்றாப்பளை ரீச்சர்:

தம்பி, பிள்ளையளுக்கு எழுத்தை வாசிச்சுச் சொல்ல ஒரு ஆள் போதும். ஆனா ஒவ்வொரு வரியையும் வாசிக்க வேண்டாம். "தகப்பனைப் பறிகுடுத்தவன் பழிவாங்கக் கொள்ளையரோடையே சேருறான்", "கப்பலிலை இளவரசி இருக்கிறா, அவவைக் காப்பாத்தப் பாக்கிறான்". இப்பிடி இடைக்கிடை ஒரு வசனம் காணும். மிச்சத்தை அவரின்ரை கையும் காலும் சொல்லும். எங்கடை ஊரிலை கோவலன் கூத்தை விடிய விடிய இருந்து பாத்த சனம். அண்ணாவியார் ஒருத்தரைக் கேட்டு மத்தளத்தோடை இருத்திவிடுங்கோ. கொப்பியோடை வாற வாத்திய இசையைக் குறைச்சுப்போட்டு, வாள்சண்டைக்கு மட்டும் மத்தளம் விழட்டும். ஊமைப்படம் பெரும்பாலும் சும்மா ஓடினதில்லை, பக்கத்திலை ஆரோ வாசிச்சுக்கொண்டுதான் இருந்தவை.

ஒண்டு கவனம். தொடக்கத்திலை பிடிபட்ட ஒருத்தன் மோதிரத்தை விழுங்குவான். தலைவன் கண்ணைக் காட்ட, ஒருத்தன் போய் வயித்தைக் கிழிச்சு எடுத்துக்கொண்டு வருவான். கிழிக்கிறதைக் காட்டமாட்டினம், ஆனா பெரியாக்களுக்கு விளங்கும். பிறகு ஆக்களைக் கட்டிவச்சபடி கப்பலை வெடிக்க வைப்பினம். எங்கடை பிள்ளையளின்ரை வீடுகளிலை என்னென்ன நடந்ததெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் எண்டா முதல் பத்து நிமிசத்தை வாயாலை சொல்லிப்போட்டு, தகப்பனும் மகனும் தீவிலை கரையேறுற இடத்திலையிருந்து போடுவன்.

முள்ளியவளைப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. செற்றிங்கைத் திருப்பி வச்சிட்டன். பலகையைப் பாக்கச் சொன்னியள் எண்டு இண்டைக்குத் திரும்பப் பாத்தன். ஒற்றைக் கை ஸ்கொட்லாந்துக்காரன் நிக்கிற இடத்திலை கப்பல் பலகையிலை மரத்தின்ரை நாரோட்டம் தெரியுது, ஐயா. அதைத்தான் நான் இவ்வளவு நாளும் பழுதெண்டு நினைச்சு நீலம் பூசப் பாத்தனான்.

ரீச்சர், தொடக்கத்தை வெட்டிறதுக்கு எங்கடை தலைவர் ஓமெண்டிட்டார். அண்ணாவியார்தான் ஒரு நிபந்தனை போடுறார்: படத்தைத் தனக்கு முதலே ஒருக்காப் போட்டுக் காட்டவேணுமாம். அதோடை, 'ஆயிரத்தில் ஒருவன்' எம்ஜிஆரை விட இவன் என்ன பெரிசாத் தாவப்போறான் எண்டும் கேக்கிறார்.

பழைய ஒப்பரேற்றர், வவுனியா:

போட்டுக் காட்டும். பாத்தாப் பிறகு அவரே மத்தளத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். ஸ்பீக்கரைச் சனத்துக்குப் பின்னாலை வைக்காதையும். சுவருக்குக் கிட்ட, மத்தளக்காரருக்கு மற்றப் பக்கம் வையும்.

முள்ளியவளைப் பொடியன்:

வயர் அவ்வளவுக்கு எட்டாது ஐயா. கோயில் ஐயரிட்டை நீள வயர் ஒண்டு கேட்டிருக்கிறன், வெள்ளிக்கிழமைப் பூசை முடியத் தாறாராம்.