புதுப்பிப்பு: தொழிலாளர் உரிமம் இல்லையென்று தள்ளுபடியான குன்னூர் டெண்டர்

2023-ல் குன்னூர் பக்கம் ஒரு தடுப்புச் சுவர் டெண்டரில், ஒப்பந்தத் தொழிலாளர் உரிமம் இணைக்கவில்லை என்று எங்கள் டெக்னிக்கல் பிட்டை (விலை பார்க்கும் முன் தகுதியும் ஆவணங்களும் சரிபார்க்கும் பகுதி) தள்ளியதை இங்கே எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சிலர் நேரே ஹைகோர்ட் போகச் சொன்னதை விட்டுவிட்டேன். பலித்தது கோத்தகிரி அண்ணன் சொன்ன யோசனைதான்: தமிழ்நாடு அரசின் 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், பிரிவு 11-ன்படி அரசுக்கு மேல்முறையீடு. அவர் கொடுத்த வாதத்தையே எழுதினேன். அப்போது நடப்பில் இருந்த 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் உரிமத்துக்கு விண்ணப்பிக்க, வேலை தருபவர் கையெழுத்திட்ட சான்று, அதாவது படிவம் 5, வேண்டியிருந்தது. வேலையே கிடைக்காதவனுக்கு அதை யார் தருவார்? தள்ளுபடி ரத்தானது.

எதிர்பாராதது மேல்முறையீட்டுக்கான கெடு. தள்ளுபடி உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து பத்தே நாள். மழையில் தபால் தாமதம். நனைந்த கவரில் பாதி அழிந்த தேதி முத்திரைதான், உத்தரவு எப்போது வந்தது என்று காட்டி எங்களைக் காப்பாற்றியது. கவரைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், விலைப்புள்ளி திறந்தார்கள். குறைந்த விலையில் நாங்கள் இரண்டாவது. வேலை வேறொருவருக்குப் போனது. சரி, டெண்டரோடு கட்டிய பிணைத்தொகையாவது திரும்பி வந்தது.