தம்பதி அதிகாரிகளைச் சேர்த்ததும் முடிவுக்கு வராத பணியிடப் பொருத்தம்

அமெரிக்கத் தரைப்படை 2019-இல் கொண்டுவந்த, அதிகாரிகள், படைப்பிரிவுகள் ஆகிய இரு தரப்பின் விருப்பப் பட்டியல்களையும் பொருத்திப் பணியிடம் ஒதுக்கும் முறையை, கணித அறிஞர்கள் கேல், ஷேப்லி இருவரும் 1962-இல் வகுத்த வழிமுறைப்படி, முதுகலைத் திட்டப்பணிக்காகப் பைத்தான் நிரல்மொழியில் எழுதி வருகிறேன். 40 அதிகாரிகள், 40 இடங்கள். தனிநபர்கள் மட்டும் என்றால் நொடியில் முடிகிறது. ஒரே முகாமில் பணி கேட்கும் 3 தம்பதிகளைச் சேர்த்ததிலிருந்து, இரண்டு வாரமாக, நிரல் நிற்பதே இல்லை: ஃபோர்ட் டிரம் முகாமில் கணவருக்கு இடம் கிடைத்ததும் மனைவியின் இடம் பறிபோகிறது, இருவரும் விலக, பழைய சுற்றே திரும்புகிறது. விண்ணப்ப வரிசையை மாற்றினேன், பட்டியலைக் குறுக்கினேன், படைப்பிரிவுகளை முதலில் கேட்க வைத்தும் பார்த்தேன். தம்பதிகள் இருந்தால் நிலையான பொருத்தமே (தமக்குக் கிடைத்ததை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சேர்ந்துகொள்ள விரும்பும் அதிகாரிகளும் படைப்பிரிவுகளும் இல்லாத ஒதுக்கீடு) இல்லாமல் போகலாம் என்பதை அறிவேன். அதனால்தான் பிழை நிரலிலா, தரவிலா என்று பிரித்தறிய முடியவில்லை. இவ்வளவு சிறிய தரவில் நிலையான பொருத்தம் உண்டா இல்லையா என்பதை உறுதியாகச் சோதிக்க எந்த வழியைக் கையாளலாம்?