கருவாட்டுக்கு நிழல் தடையா, மான் செய்த வேலையா?

வாடிக்காரி:
திருகோணமலையில் வீட்டோடு கருவாடு போட்டு விற்கிறேன். கட்டா, பாரை, நெத்தலி. மூன்று வருடமாக ஒரு தளத்தில் பக்கமும் நடத்துகிறேன். எந்தத் தளம் என்பது வேண்டாம், வம்பு. செப்டெம்பர் வரை ஒரு வீடியோவை எட்டாயிரம் பேர் பார்த்தார்கள். இப்போது 300 தாண்டினாலே பெரிய காரியம். நேற்றுப் போட்டதற்கு 112 பேர், அதில் நாலு பேர் என் வீட்டார். கணக்கு முடங்கவில்லை, அறிவித்தல் எதுவும் வரவில்லை. பதிவு போகிறது, ஆனால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. இதைத்தானே நிழல் தடை என்கிறார்கள்? காரணம் சொல்லாமல் வாயைக் கட்டுவது நியாயமா?

நிலாவெளித்தம்பி:
அக்கா, சந்தேகமே வேண்டாம், நிழல் தடைதான். மூன்று நாள் ஒன்றும் போடாதீர்கள். செயலியை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள். ஹேஷ்டேக் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். புறாத்தீவுக்குப் படகில் ஆள் ஏற்றும் என் நண்பருக்கு இப்படிச் செய்துதான் ரீச் திரும்பி வந்தது.

உவர்மலையான்:
இது கந்தசஷ்டி விரதம் மாதிரி இருக்கிறது தம்பி. மூன்று நாள் பட்டினி கிடந்தால் அல்காரிதம் மனமிரங்குமா? நண்பருக்கு எந்த மாதம் திரும்பி வந்தது என்று கேளுங்கள். ஏப்ரல், மே என்றால் அது விரதத்தின் பலன் இல்லை. வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கி, வெளியூர்க்காரர் நிலாவெளியைத் தேடத் தொடங்கும் காலம் அது.

தங்கச்சி, முதலில் அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். உங்களுடையது எந்தத் தளமோ, உதாரணத்துக்கு இன்ஸ்டாகிராமில் 'கணக்கு நிலை' என்று ஒரு பகுதி இருக்கிறது. உங்களைப் பின்தொடராதவர்களுக்கு உங்கள் பதிவுகளைப் பரிந்துரைக்கிறார்களா இல்லையா என்பதை 2022 டிசம்பரிலிருந்து அங்கேயே காட்டுகிறார்கள். தப்பு என்று பட்டால் மறுபரிசீலனையும் கேட்கலாம். அதைப் பார்க்காமலே தடை, சதி என்று பேசுவது காய்ச்சலை அளக்காமல் மருந்து குடிப்பதுதான்.

மூதூர்க்காரன்:
கம்பனி காட்டும் பச்சை அடையாளத்தை நம்பச் சொல்கிறீர்களா அண்ணா? 2018இல் ட்விட்டர் 'நாங்கள் நிழல் தடை செய்வதில்லை' என்று எழுதி வைத்தது. 2022 டிசம்பரில் உள்ளே இருந்த ஆவணங்கள் வெளியே வந்தபோது, சில கணக்குகளைத் தேடலிலும் ட்ரெண்டிங்கிலும் வராமல் செய்யும் கருவிகள் இருந்தது தெரிந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் வேறு, அவ்வளவுதான்.

அப்புறம் ஐரோப்பாவைப் பாருங்கள். அங்குள்ள டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, பதிவை நீக்கினால் மட்டுமல்ல, அதன் பார்வையைக் குறைத்தாலும் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு பயனாளர் எக்ஸ் (அதே ட்விட்டர்தான், இப்போதைய பெயர்) மேல் வழக்குப் போட்டு, 2024 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றத்தில் வென்றார். அவருடைய கணக்கைத் தேடலில் வராமல் செய்துவிட்டு ஒழுங்கான விளக்கம் கொடுக்கவில்லை என்பதே விஷயம். ஜெர்மனியில் இருக்கும் என் சித்தி மகனுக்கு அந்த உரிமை இருக்கிறது. மூதூரில் இருக்கும் எனக்கு இல்லை. நம் ஆட்கள் நவம்பரில் ஒரு நினைவேந்தல் படம் போட்டுவிட்டுக் கணக்கைத் தொலைத்த கதைகளும் உங்களுக்குத் தெரியாததா?

உவர்மலையான்:
அந்தக் கதைகள் தெரியும், அதில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அது நீக்கம், இது கருவாடு. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள். சட்டம் இங்கேயும் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தங்கச்சிக்கு நடந்தது தடைதானா என்பதே கேள்வி.

அவருடைய பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். கருவாடு சுற்றிய தாளை ஒரு மான் இழுத்துத் தின்னும் வீடியோ ஒன்று செப்டெம்பரில் ஓடியிருக்கிறது, இரண்டு லட்சம் பேர். நமக்கு இது பழகிப்போன காட்சி, பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் தினமும் பார்க்கிறோம். வெளியூர்க்காரருக்கு அதிசயம். அதோடு ஆயிரக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். சரி, அவர்கள் வந்தது எதற்கு? மானுக்கு. அடுத்த நாள் நீங்கள் போட்டது கட்டா வெட்டி உப்புத் தடவும் வீடியோ. புதிய பதிவைத் தளம் முதலில் கொஞ்சப் பேருக்குக் காட்டிப் பார்க்கும். அவர்கள் இரண்டு விநாடியில் தள்ளிவிட்டுப் போனால், மற்றவர்களுக்குக் காட்டுவதைக் குறைத்துவிடும். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், லைக் போடுகிறார்களா, இன்னொருவருக்கு அனுப்புகிறார்களா என்ற மூன்றும்தான் முக்கியம் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கிறார். உங்களைத் தள்ளியது கம்பனி இல்லை, மான் பார்க்க வந்த கூட்டம்.

இன்னொன்று. மழை தொடங்கிய பிறகு போட்ட 14 வீடியோக்களில் 9 பழையவை. வெயில் இல்லை, மீன் காயாது, புதிதாக எடுக்க ஒன்றுமில்லை, அது விளங்குகிறது. பழையதைத் திரும்பப் போட்டால் பார்த்தவர்களும் தள்ளத்தான் செய்வார்கள்.

நிலாவெளித்தம்பி:
அக்கா, எங்களிடம் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, 60 பேர். இரவு எட்டு மணிக்கு எல்லோரும் லிங்க் போடுவோம், எல்லோரும் லைக் போடுவோம். சேர்க்கவா?

உவர்மலையான்:
அறுபது பேரும் லைக்கைப் போட்டுவிட்டு மறு விநாடியே ஓடுவார்கள். மான் கூட்டம் போதாதென்று இதுவும் வேறா?

வாடிக்காரி:
இரவு முழுக்க அமைப்புகளைத் துழாவினேன். இரண்டு பேரும் கேளுங்கள்.

மான் கதை சரி. என்னைப் பின்தொடர்வோரில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரு வாரத்தில் வந்தவர்கள். அதிகம் பேர் இருக்கும் ஊர் சென்னை. நான் பார்சல் அனுப்புவது கொழும்பு, வவுனியா, யாழ்ப்பாணம். அண்ணா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஐந்து பட்டியல் தாண்டி உள்ளே போனால் ஒரு அறிவித்தல் இருந்தது, ஆங்கிலத்தில், ஒக்டோபர் திகதியோடு. சுறாக் கருவாடு வீடியோ ஒன்று 'பரிந்துரைக்கத் தகுதியில்லை'. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் விற்பனை என்று ஒரு வரி. அது பால்சுறா. நீண்ட வால் சுறாவைப் பிடிக்க 2012இலிருந்து இங்கே தடை இருப்பது கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், நாங்கள் தொடுவதில்லை. தலையும் வாலும் போய்த் துண்டாகக் கிடப்பதில் எது எந்தச் சுறா என்று அந்த இயந்திரம் எப்படிக் கண்டுபிடித்தது?

மூதூர்க்காரன்:
பார்த்தீர்களா அண்ணா! தடை இருந்திருக்கிறது.

உவர்மலையான்:
ஒரு வீடியோவுக்கு. அறிவித்தலும் இருந்திருக்கிறது.

மூதூர்க்காரன்:
ஐந்து கதவுக்குப் பின்னால், தெரியாத மொழியில் எழுதி ஒட்டிவிட்டுப் போனால் அது அறிவித்தலா? அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் அப்படி ஒட்டினால் நீங்கள்தானே முதலில் சத்தம் போடுவீர்கள்?

உவர்மலையான்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. தங்கச்சி, மறுபரிசீலனை கேளுங்கள், பால்சுறா என்று பெயரோடு எழுதுங்கள். வெட்டுமுன் முழு மீனாக ஒரு படம் இருந்தால் அதையும் வைத்திருங்கள்.

வாடிக்காரி:
கேட்டுவிட்டேன். முழு மீன் படம் இல்லை, இனி எடுப்பேன். மான் வீடியோவை அழிக்க மனம் வரவில்லை, மகன் எடுத்தது. வாங்குபவர்களை வாட்ஸ்அப் பட்டியலில் சேர்த்து வைக்கப் போகிறேன், 80 பேர் சேர்ந்தாயிற்று. இரண்டு நாளாக வெயில் எறிக்கிறது, சனிக்கிழமை [மறைக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்:
விவாதத் திரிகளில் விற்பனை அறிவித்தல் கூடாது என்பது விதி. கடைசி வரியின் பாதியை மறைத்திருக்கிறேன். சந்தைப் பகுதியில் போடுங்கள் அக்கா, எனக்கும் அரைக் கிலோ நெத்தலி வேண்டும்.