பிள்ளைகளை விட்டுவிட்டு இருவரும் மட்டும் மாலை மலையேற்றம்: இருட்டில் இறங்குவது சரிப்படுமா?

கேள்வி

பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு. வரும் சனிக்கிழமை மதியம் மூன்று மணியிலிருந்து இரவு பத்து வரை இருவரையும் பார்த்துக்கொள்வதாக என் அக்கா சொல்லியிருக்கிறாள். கல்யாணமான புதிதில் நானும் அவரும் அடிக்கடி மலையேறுவோம். பெரியவள் பிறந்ததும் அது அப்படியே நின்றுபோனது. எங்காவது போய் உட்கார்ந்து சாப்பிட்டால் தடுப்பூசி, பள்ளிக் கட்டணம் என்றே பேச்சு போய்விடுகிறது. அதனால் இந்த முறை மலைக்கே போகலாம் என்கிறார். உச்சிப்பாறையில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

ஒரு வழிக்கு மூன்று கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 300 மீட்டர். தெரிந்த பாதை, ஆனால் பகலில் மட்டுமே நடந்திருக்கிறோம். எனக்கு ஆசை நிறைய. இருவருமே அங்கே மாட்டிக்கொண்டால் பிள்ளைகள் கதி என்ன என்ற பயமும் இருக்கிறது. இப்படிப் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

போங்கள் சகோதரி. என் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் சின்னவர்களாக இருந்த காலத்தில் நானும் என் மனைவியும் ஒருவரோடொருவர் நிதானமாகப் பேசியதெல்லாம் பெரும்பாலும் இப்படிப்பட்ட பாதைகளில்தான். நடக்கும்போது எதிரெதிரே உட்கார வேண்டியதில்லை, பேச்சு நின்றால் அப்படியே விட்டுவிடலாம். அரை கிலோமீட்டர் தாண்டி அது தானாகவே திரும்ப வரும்.

முதலில் ஒன்று: பல காட்டுப் பகுதிகளில் சூரியன் மறைந்தபின் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. உங்கள் பாதையில் அந்த விதி இருந்தால் வேறு இடம் பாருங்கள், அதில் பேச்சுக்கே இடமில்லை.

நேரக் கணக்குக்கு வருவோம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். உங்கள் பாதைக்கு அது ஒரு மணி ஆறு நிமிடம் வருகிறது. ஆனால் அது நிற்காமல் நடப்பவருக்கானது. ராத்தூக்கம் கெட்டுக் கிடக்கும் பெற்றோருக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் இறங்கவும் அதே ஒன்றரை. ஆறரைக்குச் சூரியன் மறைகிறது என்றால் ஏழு மணிவரை மேலே இருந்தாலும் எட்டரைக்கெல்லாம் கீழே வந்துவிடலாம். ஏறும்போது தாமதமானால் உச்சியை விட்டுவிடுங்கள். சூரியன் மறைவதைப் பாதி வழியிலிருந்தும் பார்க்கலாம்.

மேலே போனதும் வியர்த்த சட்டையை மாற்றிவிடுங்கள். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பார்கள். உங்கள் 300 மீட்டருக்கு அது இரண்டு டிகிரிதான். ஆனால் ஈரத்துணியில் காற்று பட்டால் அந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. பள்ளமான இடத்திலும் உட்கார வேண்டாம். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி அங்கேதான் தேங்கும். கொஞ்சம் மேடான, காற்று மறைவான பாறையாகப் பாருங்கள்.

ஹெட்லேம்ப் ஆளுக்கு ஒன்று வேண்டும். செல்போன் விளக்கை நம்பக் கூடாது. இறங்கும்போது நான் அதை நெற்றியில் வைப்பதில்லை, கழற்றி இடுப்பளவில் பிடித்துக்கொள்வேன். நெற்றியிலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் தரை முழுக்கச் சமமாகத் தெரியும். இடுப்பிலிருந்து அடித்தால் ஒவ்வொரு கல்லும் நிழலோடு எழுந்து நிற்கும். பின்னால் வருபவர் ஒட்டி வந்தால் முன்னால் போகிறவரின் நிழல் அவர் காலடியிலேயே விழும், அதனால் நாலைந்து எட்டு இடைவெளி விடுங்கள்.

அப்புறம், உடனே இறங்க ஆரம்பிக்காதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு இருபது முப்பது நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். முதலில் இரண்டு மூன்று நட்சத்திரம், பிறகு பார்க்கப் பார்க்க நிறைந்துகொண்டே போகும். என் மனைவிக்கு மலையில் பிடித்ததே அந்த அரை மணி நேரம்தான். நடுவில் ஏதாவது தேட வேண்டுமென்றால் சிவப்பு வெளிச்சத்தை மங்கலாகப் போடுங்கள், பழகிய கண் அவ்வளவாகக் கெடாது.

பதில் 2

இரட்டைக் குழந்தைகளின் அம்மா நான். உங்கள் பயம் நியாயமானது. அதைத் தீர்க்க ஒரே வழி, உங்கள் அக்காவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பதுதான்: எந்தப் பாதை, வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும். இது அவளுக்கும் தெம்பு. சிக்னல் இல்லாத இடத்தில் போன் ஓயாமல் தேடிக்கொண்டே இருந்து சார்ஜைத் தின்றுவிடும். ஏறும்போது ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, உச்சியில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளின் போட்டோ எதுவும் அனுப்ப வேண்டாம், அவசரமென்றால் மட்டும் கூப்பிடு என்றும் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். போட்டோ வந்துவிட்டால் மனசு வீட்டுக்குப் போய்விடும்.

ஆளுக்கொரு விசில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது மலைகளில் உதவி கேட்கும் முறை. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டும் இதே கணக்கில் கேட்கலாம்.

இன்னொன்று. மேலே போய் அவரோ நீங்களோ தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். என் கணவர் மடியில் நான் அப்படித் தூங்கியிருக்கிறேன், அதைவிட நல்ல மாலை எனக்கு நினைவில் இல்லை.

பதில் 3

பழைய ஷூவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மலையேற்ற ஷூக்கள் பலவற்றில் நடு அடுக்கு பாலியூரித்தேன். போடாமல் வருடக்கணக்கில் வைத்திருந்தால் காற்றின் ஈரத்திலேயே அது சிதைந்துபோகும். வெளியே பார்த்தால் புதிதுபோலத்தான் இருக்கும், பாதி வழியில் அடிப்பாகம் கழன்று வரும். கையால் நன்றாக அழுத்தி, வளைத்துப் பாருங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. மூன்றாவதாக எழுதியவருக்குத் தனியாக நன்றி. அலமாரிக்கு மேலிருந்து அவருடைய ஷூவை எடுத்து வளைத்தேன். குதிகால் பக்கம் விரிசல் விட்டு, மஞ்சள் பொடியாகக் கையில் உதிர்ந்தது. என்னுடையது நன்றாக இருக்கிறது. அவருக்கு நாளையே வேறு வாங்கிவிடுவோம்.

விசாரித்துவிட்டேன், எங்கள் பாதையில் இரவுத் தடை இல்லை. சனிக்கிழமை பௌர்ணமி கழிந்து நான்காம் நாள் வருகிறது. நிலா வெளிச்சத்தில் இறங்கலாமா?

பதில் 1

நிலாவை நம்ப வேண்டாம். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி உதிக்கும், பிறகு நாளுக்குச் சராசரியாக ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நான்காம் நாள் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம். அதற்குள் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். நிலா இல்லாததால் நட்சத்திரம் நன்றாகத் தெரியும், அது உங்களுக்கு லாபம்தான். புது ஷூவை அவர் சனிக்கிழமைக்கு முன்னால் வீட்டிலும் தெருவிலும் போட்டு நடக்கட்டும். ஹெட்லேம்ப்களுக்கு மாற்று பேட்டரியை ஆளுக்கொரு பையில் வைத்துவிடுங்கள். போய் வந்து எழுதுங்கள்.