11 நிமிஷத்தில் 53 மணியா?

சாந்தோம் கிழவன்: நேற்று இங்கே 'மின்வண்டி மரியான்' எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பரங்கிமலையில் ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்குவதற்குள் 53 மணி செபமாலையை (மணிக்கு ஒன்றாக 53 அருள் நிறை மந்திரம், அதாவது மாதா செபம்) முடித்துவிடுவாராம். 11 நிமிஷமாம். தினமும் இப்படிச் சொல்லிச் சொல்லியே கோபம் குறைந்து பொறுமை வந்துவிட்டதாம். கணக்குப் போடுவோம். 11 நிமிஷம் என்றால் 660 நொடி. 53 அருள் நிறை மந்திரத்துக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு 12 நொடி சொச்சம். அப்படியானால் விசுவாசப் பிரமாணம் எங்கே? பரலோக மந்திரம் எங்கே? ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் ஒன்றாக இயேசு, மாதா வாழ்வின் நிகழ்ச்சியை நினைக்கும் தேவ இரகசியத்தைத் தியானிக்கும் நேரம் எங்கே? எல்லாவற்றையும் கிண்டியில் இறக்கிவிட்டாரா?

மின்வண்டி மரியான்: ஐயா வணக்கம். அதே மந்திரம் உங்களுக்குப் பழைய பாணியில 'அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே'ன்னு இழுக்கும். நாங்க 'தூய மரியே, இறைவனின் தாயே' தலைமுறை. அதுலயே ஒரு மந்திரத்துக்கு ரெண்டு நொடி மிச்சம்.

பெரம்பூர் லூர்து: ஒரு சின்னக் கேள்வி. கடைசியில மாதாவோட பேரையெல்லாம் வரிசையாச் சொல்லி வேண்டுற மாதா மன்றாட்டு மாலையைச் சேர்த்து 11 நிமிஷமா, சேர்க்காமலா?

சாந்தோம் கிழவன்: மிச்சம்! செபத்தில் மிச்சம் பிடிக்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன். அந்த மிச்ச நொடியையெல்லாம் சேர்த்து வைத்து என்ன செய்கிறீர் தம்பி, செல்போனில் ரீல்ஸ் பார்க்கிறீரா?

மின்வண்டி மரியான்: புனிதை அவிலா தெரேசம்மாளே செப நேரம் எப்ப முடியும்னு மணி அடிக்கிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிட்டு உட்கார்ந்திருந்ததா எழுதி வெச்சிருக்காங்க. 1970ல திருச்சபை அவங்களுக்கு மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே போதகர்ங்கிற பட்டமே குடுத்துச்சு. இன்னொரு புனிதை, லிசியே குழந்தை தெரேசா, செபத்துல தூங்கி விழுந்தவங்க. அதை அவங்களே சொல்லியிருக்காங்க. அவங்களையும் ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பிடிப்பீங்களா?

சாந்தோம் கிழவன்: நல்லதாயிற்று, நீரே எடுத்துக் கொடுத்தீர். அவிலா தெரேசா மணி எப்போது அடிக்கும் என்று *காத்திருந்தார்*. மணியை முன்னால் தள்ளி வைக்கவில்லை! சலிப்பாக இருந்தும் எழுந்து போகவில்லை. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் என்ன சொல்கிறார்? செபம் வறண்டு போகும் நேரத்தில், குறித்த ஒரு மணி நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இரு என்கிறார். மாம்பலம் வந்துவிட்டது, எழுந்திரு என்றா சொன்னார்? 12 நொடி ஐயா, 12 நொடி. அதற்குப் பதில் வரட்டும்.

வேப்பேரி சாலமோன்: சகோதரர்களே, 53 தடவை, 153 தடவை என்று எதற்கு இந்தக் கணக்கு? 'அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்' என்று மத்தேயு 6:7இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். மனதிலிருந்து ஒரு நிமிஷம் ஜெபித்தாலும் போதும்.

சாந்தோம் கிழவன்: வாருங்கள், உங்களைத்தான் காணோமே என்று பார்த்தேன். அதே மத்தேயுவில் 26:44 திறந்து பாருங்கள். கெத்சமனியில் ஆண்டவர் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் செபித்தார். 136ஆம் சங்கீதத்தில் 26 வசனம், 26 தடவையும் 'அவர் கிருபை என்றுமுள்ளது'. தாவீதின் புத்தகத்திலும் அலப்பலா? உங்களோடு பிறகு பேசுகிறேன். இப்போது விஷயம் 12 நொடி.

வேப்பேரி சாலமோன்: நான் ஒரு வசனம் சொன்னேன், நீங்கள் இரண்டு திருப்பினீர்கள். கனிவுக்கு நன்றி.

மயிலை அமலி: நிமிஷக் கணக்கைக் கொஞ்சம் ஓரமா வைங்க. புனிதை மோனிக்கம்மா தன் மகன் அகுஸ்தீனுக்காக ஏறக்குறைய 17 வருஷம் அழுது செபம் பண்ணாங்க. அகுஸ்தீன் 387ல மிலான் நகரத்துல ஞானஸ்நானம் வாங்கினார். அதே வருஷம் ஓஸ்தியாவுல அந்தம்மா இறந்துட்டாங்க. அன்னை தெரேசாவோட கடிதங்கள் 2007ல புத்தகமா வந்துச்சே, படிச்சீங்களா? பல பத்து வருஷமா செபத்துல ஒண்ணுமே தோணலையாம், இருட்டா இருந்துச்சாம். ஆனா ஒரு நாளும் செபத்தை விடல. தினசரி செபம்னா எனக்கு அதுதான் ஞாபகம் வருது. மாவு அரைச்சு, டிபன் கட்டி, ஸ்கூல் வேன் ஏத்திட்டு உட்கார்ந்தா எனக்குப் பாதி செபமாலை தூக்கத்துலதான் போகும்.

சாந்தோம் கிழவன்: நல்ல செய்தி அம்மா. ஆனால் மோனிக்கம்மா காலத்தில் செபமாலையே கிடையாது. ஆகவே இங்கே பொருந்தாது.

மயிலை அமலி: அதுக்காகவா சொன்னேன்? போங்க சார்.

பெரம்பூர் லூர்து: மன்றாட்டு மாலை சேர்த்தா, சேர்க்காமலா?

மின்வண்டி மரியான்: வியாழக்கிழமை, புதுசாச் சேர்த்த ஒளியின் தேவ இரகசியம் சொல்றதால அன்னிக்கு மட்டும் ஒரு நிமிஷம் கூட ஆகும். மத்த நாள் 11தான். போதுமா ஐயா?

சாந்தோம் கிழவன்: அதற்குள் ஒளி வந்துவிட்டதா! 150 சங்கீதத்துக்கு ஈடாக 150 அருள் நிறை மந்திரம், தொடக்கத்தில் 3, ஆக 153. யோவான் 21:11இல் வலையில் அகப்பட்ட பெரிய மீன்களும் 153. எங்கள் பாட்டி காலத்திலிருந்து அதுதான் செபமாலை. ஒளியையும் சேர்த்தால் 203 ஆகிறது. எந்த வலையில் 203 மீன்?

மின்வண்டி மரியான்: இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜான் பால்) பாப்பரசர் 2002 அக்டோபர் 16ல குடுத்தது ஐயா. உங்க பாட்டிகிட்ட கேட்டுட்டா குடுக்கணும்?

சாந்தோம் கிழவன்: பாட்டியை இழுக்காதீர். விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றுதான் அவரும் எழுதினார். நான் விரும்பவில்லை. வியாழன் எனக்குச் சந்தோஷ தேவ இரகசியம்தான். முழங்காலில் நின்று சொல்கிறேன், 25 நிமிஷம்.

பெரம்பூர் லூர்து: முழங்காலிலா? போன அக்டோபர் அன்பியக் கூட்டத்துல, அதான் பங்கு வீட்டுக்காரங்க சேர்ந்து செபிக்கிற கூட்டத்துல, பிளாஸ்டிக் சேர் கேட்டு யாரோ சத்தம் போட்டாங்களே, அது நீங்க இல்லையா சார்?

சாந்தோம் கிழவன்: அது வேறு விஷயம். அன்றைக்கு சுண்டலுக்கு வசூலித்த காசுக்கு இன்றுவரை கணக்கு வரவில்லை. அதைக் கேட்டேன். சேர் கேட்டது பக்கத்து வீட்டுக்காரர்.

பெரம்பூர் லூர்து: சுண்டல் கணக்கு நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு. கண்ணாடி போட்டுப் பாருங்க.

மின்வண்டி மரியான்: 😂 25 நிமிஷத்துல அஞ்சு நிமிஷம் சுண்டல் தியானம் போல.

சாந்தோம் கிழவன்: சிரியும். சிரித்துக்கொண்டே 12 நொடியில் ஒரு அருள் நிறை மந்திரத்தைச் சொல்லிப் பதிவு செய்து இங்கே போடும். எல்லோரும் கேட்போம். ரயில் சத்தம் பின்னால் இருக்க வேண்டும், வீட்டில் உட்கார்ந்து சொன்னது செல்லாது.

வேப்பேரி சாலமோன்: ஜெபம் அந்தரங்கத்தில் என்பது நான் முதலில் சொன்ன வசனத்துக்கு முந்தின வசனம். மத்தேயு 6:6.

சாந்தோம் கிழவன்: உங்களை யார் கேட்டது?

மயிலை அமலி: நான் போறேன். அஞ்சு நாளா மருந்துச் சீட்டுக்கு அலையுற மாமியார் கூப்பிடுறாங்க.

மின்வண்டி மரியான்: பதிவெல்லாம் போட முடியாது. நாளைக்குக் காலை 8 மணிக்குப் பரங்கிமலை ஸ்டேஷனுக்கு வாங்க, பக்கத்துல உட்கார்ந்து எண்ணிக்கோங்க.

சாந்தோம் கிழவன்: எட்டு மணிக்கு உட்கார இடம் கிடைக்குமா?

மின்வண்டி மரியான்: நிக்கணும்.

சாந்தோம் கிழவன்: நிற்கிறேன். ஆனால் சைதாப்பேட்டை தாண்டும்போது நீர் நாலாவது பத்தில் இல்லை என்றால், இங்கே வந்து எழுதுவேன்.

பெரம்பூர் லூர்து: சேர் எடுத்துட்டுப் போங்க சார்.