‘அசோசியேட்’: கூட்டாளியா, கடைப்பணியாளரா?

> பில்லிங் மென்பொருளில் ‘அசோசியேட்’ வரும் இடமெல்லாம் ‘கூட்டாளி’ போடலாமா?

வேண்டாம். கூட்டாளி என்றால் முதல் போட்டவர், லாபத்தில் பங்குள்ளவர் என்றுதான் படிப்பார்கள். அமெரிக்கக் கடைகளில் அசோசியேட் சம்பளத்துக்கு நிற்பவர்; மரியாதை பெயரில்தான். ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கக் கடைத்தொடரில் புழங்கிய சொல் இது. 1940-இல் அங்கே பயிற்சியாளராகச் சேர்ந்த சாம் வால்டன், பிற்பாடு தான் தொடங்கிய வால்மார்ட்டிலும் இதையே வைத்துக்கொண்டார். இதே வேலை பார்ப்பவர் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் ‘டீம் மெம்பர்’, பிரிட்டனின் டெஸ்கோவில் ‘கலீக்’. பட்டத்தை மொழிபெயர்த்தால் கடைக்கொரு சொல் தேட வேண்டிவரும், வேலையை மொழிபெயர்ப்போம். என் பரிந்துரை: கடைப்பணியாளர்.

பிரிட்டனின் ஜான் லூயிஸ் கடைகள் மட்டும் வேறு. நிறுவனமே ஊழியர்கள் சார்பில் ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. ஆகவே அங்கே ‘பார்ட்னர்’ வெறும் பட்டமில்லை. அதற்குப் ‘பங்காளர்’ தகும். (‘பங்காளி’ வேண்டாம், வரப்புத் தகராறு நினைவுக்கு வரும்.)

> நீளமாக இருக்கிறதே. ரேஷன் கடையில் ‘விற்பனையாளர்’ ஏற்கெனவே இருக்கிறது.

இருக்கிறது, ‘கட்டுநர்’ என்ற பதவியும் உண்டு. பொட்டலம் கட்டும் ‘பேக்கர்’ பதவிக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், நல்ல சொல். விற்பனையாளரில்தான் சிக்கல்: ‘வெண்டர்’ என்பதற்கும் அதையே போடுகிறோம். கொள்முதல் திரையில் சரக்கு இறக்கியவரும் கவுண்டரில் நிற்பவரும் ஒரே பெயரில் வருவார்கள். முதலில் வெண்டரைச் ‘சரக்கு வழங்குநர்’ ஆக்க வேண்டும்.

நீளத்தால் வரும் தொல்லை வேறு இடத்தில். கடைப்பணியாளர் கண்ணுக்கு 8 எழுத்து; கணினியின் எழுத்துமுறையான யுனிகோடில் 13 குறியீடு, அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 வடிவில் 39 பைட். பதவிப் புலத்துக்கு (பதவியின் பெயரைப் பதியும் இடம்) 30 பைட் ஒதுக்கியிருந்தால் பத்தாவது குறியீட்டோடு அறுந்து, ரசீது ‘கடைப்பணியா’ என்று நம்மையே கேட்கும். விற்பனையாளரும் 36 பைட், அதுவும் அறுபடும். சொல்லைச் சுருக்காதீர்கள், புலத்தை 60 ஆக்குங்கள்.

> ‘சேல்ஸ் கிளர்க்’? ‘எழுத்தர்’ போட்டிருக்கிறேன்.

எழுத்தர் என்றால் தாலுகா ஆபீஸ். அமெரிக்கர் சொல்லும் சேல்ஸ் கிளர்க் துணி எடுத்துக் காட்டுபவர். பிரிட்டனில் அவரே ‘ஷாப் அசிஸ்டென்ட்’. இரண்டுக்கும் கடைப்பணியாளரே. கேஷியருக்குக் காசாளர், அதில் தகராறில்லை. சிலர் கேட்ட ‘சிப்பந்தி’ பேச்சில் இன்னும் வாழ்கிறது, ஆனால் அடையாள அட்டையில் மாட்டிக்கொள்ள யாரும் விரும்பமாட்டார்கள். ‘கடைப் பையன்’ பேச்சுக்கே இடமில்லை. நிற்பவர் ஐம்பது வயது அம்மாவாக இருக்கலாம்.

‘அசோசியேட் ஐடி’ வருமிடத்தில் ‘பணியாளர் எண்’ போதும். கடைக்குள் இருக்கும் திரையில் இன்னொரு ‘கடை’ எதற்கு?