பொருள்: ஹோஸ்ட்நேம் ரெசல்யூஷன் – வீட்டுத் திசைவிக் கையேட்டுக்குக் கலைச்சொல் தேவை

குழுவினருக்கு வணக்கம். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிய வீட்டுத் திசைவிகளுக்கான (ரவுட்டர்) தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அச்சுப்பொறிக்குப் பிரிண்டர் என்று பெயரிட்டு 192.168.1.20 என்ற முகவரியோடு பதிந்துவிட்டால், மற்றக் கருவிகள் எண்ணைத் தேடாமல் ‘பிரிண்டர்.லேன்’ என்றே அதை அழைக்கலாம். ஆங்கிலத்தில் ஹோஸ்ட்நேம் ரெசல்யூஷன் எனப்படும் இவ்வேலையை வரைவில், ஹோஸ்ட் என்பதைப் புரவலன் ஆக்கி, ‘புரவலன் பெயர்த் தீர்வு’ என்று எழுதியிருக்கிறார்கள். படித்தால் புரியவில்லை. மாற்றுச்சொல் தருக.

மறுமொழி: ஐயா, புரவலனைக் கைவிடாதீர்கள். ஒரே பெருங்கணினியில் பலர் முனையங்கள் வழியே நுழைந்து பணிபுரிந்த காலத்தில், வந்தோரை ஓம்பியதால் அக்கணினிக்கு அமைந்த காரணப்பெயர் அது. பரிசில் பெற்ற பாணன் பெறாதவனைப் புரவலனிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. ஆகவே இச்செயலைப் ‘பெயராற்றுப்படை’ எனலாம்.

மறுமொழி: ஆற்றுப்படை அருமையான சொல்தான், ஆனால் அது வேறொரு செயலுக்கு உரியது. இணையப் பெயர்த் தேடலின் உச்சியில் உள்ள வேர் வழங்கிதான் (ரூட் சர்வர்) விடையைத் தானே கூறாமல், ‘.இன்’ களத்துக்குரிய (டொமைன்) வழங்கியிடம் போய்க் கேள் என்று ஆற்றுப்படுத்துகிறது. வீட்டுத் திசைவியில் இயங்கும் பெயர் தேடும் மென்பொருளான டிஎன்எஸ்மாஸ்க்கோ, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி முறை வழியே தான் பகிர்ந்த முகவரிகளின் பட்டியலையும் நாம் கையால் சேர்த்த பெயர்களையும் பார்த்து அங்கேயே விடை சொல்லிவிடுகிறது. தன்னிடம் இல்லாத வெளிப்பெயராக இருந்தாலும், கேட்டவரை அலையவிடாமல் தானே மேல்நிலை வழங்கியிடம் கேட்டு வந்து சொல்கிறது. மேலும், அச்சுப்பொறி யாரை ஓம்புகிறது? உரிமையாளர் அதற்கு ‘மயில்’ என்று இடுகுறியாகப் பெயர் வைத்தாலும் திசைவி ஏற்றுக்கொள்ளும். எனவே ‘கருவிப் பெயர்’, ‘பெயர்வழி முகவரி அறிதல்’ என்பவற்றை முன்மொழிகிறேன். ரெசல்யூஷனுக்கான ‘தெளிதிறன்’ என்ற சொல் ஏற்கெனவே திரையின் நுணுக்கத்துக்குப் போய்விட்டது. ‘தீர்வு’ என்றால் ஏதோ வழக்கு முடிந்ததுபோல் இருக்கிறது.

திசைவியின் அமைப்புப் பக்கத்தில் உள்ள ‘உள்ளகக் களம்’ (லோக்கல் டொமைன்) என்ற புலத்துக்கு விளக்கம் எழுதும்போதும் கவனம் தேவை. உள்ளகம் என்றவுடன் ‘.லோக்கல்’ என்று நிரப்பிவிடுவார்கள். அப்பின்னொட்டு 2013 முதல், திசைவியைக் கேளாமல் கருவிகள் தமக்குள் நேரே பெயர் விசாரிக்கும் பல்பரப்பு முறைக்கென ஒதுக்கப்பட்டது. ‘லேன்’ என்ற இயல்பமைப்பை அப்படியே விடலாம். வீட்டு வலையமைப்புக்கென்றே 2018இல் ஒதுக்கப்பட்ட ‘ஹோம்.ஆர்ப்பா’வும் உண்டு.

மறுமொழி: இயந்திரம் அறியுமா, ஐயா? அறிதல் உயர்திணைக்கு உரியது. ‘பெயர்த் துலக்கம்’ என்க.

மறுமொழி: தொல்காப்பியம் ஓரறிவுயிரிலிருந்தே அறிவைத் தொடங்குகிறது, அம்மா, புல்லுக்கே அறிவு உண்டு. நிற்க, என் வகுப்பில் எல்லாரும் ஹோஸ்ட்நேம் என்றே சொல்கிறார்கள். கட்டளைவரியிலும் அதைத்தான் தட்டுகிறார்கள். மூலச்சொல்லை மறைத்துவிட்டால் கையேடு மேசையிலேயே கிடக்கும்.

மறுமொழி: புல் உயிருடையது, திசைவி அன்று.

தொடங்கியவர்: நன்றி. ‘கருவிப் பெயர்’, ‘பெயர்வழி முகவரி அறிதல்’ என்றே அனுப்புகிறேன். முதல் முறை வருமிடத்தில் ஹோஸ்ட்நேம் என்பதையும் சேர்த்திருக்கிறேன். துலக்கத்துக்கு இருவரே வாக்களித்தனர்.

மறுமொழி: பெயராற்றுப்படைக்கான என் ஒரு வாக்கையும் பதிந்துகொள்க. வேர் வழங்கி அதிகாரம் வரும்போது அச்சொல்லை மறுக்க எவருக்கும் காரணம் இராது.